இடது பின்சக்கரம்

அத்தியாயம் பதினேழு

போன வாரம் லோகப்பிரியாவைப் பட்டறை வாசலில், கையில் ஒரு புத்தகத்தோடு நிற்க வைத்துவிட்டு வந்தோம். ஒரு வாரமாக நிற்கிறாள், பாவம். முதலில் அவளை உள்ளே கூப்பிடுவோம்.

உள்ளே போக அவளுக்கே தயக்கம்தான். உக்கடம் பைபாஸில் இருக்கும் அந்தக் கார் பட்டறைக்கும் அதன் பின்னால் இருக்கும் வீட்டுக்கும் நடுவே முப்பது அடிகூட இல்லை. ஆனாலும் கல்யாணமாகி வந்த இந்த ஆறு வருஷத்தில், ஆயுத பூஜை தவிர வேறு நாளில் அவள் பட்டறைக்குள் கால் வைத்ததில்லை. இன்றைக்குக் காலையில் புருஷன் மோகன்குமாரே கூப்பிட்டிருந்தான். கொச்சியிலிருந்து கூரியரில் வந்த, ஒரு காரின் இங்கிலீஷ் ரிப்பேர் புத்தகத்தின் நகலைக் கையில் கொடுத்து, "நீ எலக்ட்ரானிக்ஸ் படிச்சவதான, வந்து பாரேன்" என்றான். பாலிடெக்னிக் முடித்து, மோட்டார் பம்ப் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் வேலை பார்த்தவள் அவள். அந்தப் படிப்பு வீட்டு மிக்ஸியை ரிப்பேர் பார்ப்பதைத் தாண்டி ஒன்றுக்கும் பயன்படவில்லையே என்று மதுக்கரையில் இருக்கும் அவள் அப்பாவுக்கு இன்றைக்கும் வருத்தம்.

சங்கதி இதுதான். அன்னூர் மில்லுக்காரர் நஞ்சுண்டனின் மனைவி மாரியாத்தாளுக்கு முதுகுத்தண்டில் ஆபரேஷன். அவிநாசி ரோட்டு ஆஸ்பத்திரியில் இருபது நாள் படுக்கை. இன்று மாலை நான்கு மணிக்கு வீட்டுக்கு விடுகிறார்கள். வழியில் ஒரு குலுக்கல்கூடக் கூடாது என்று டாக்டர் நூறு தடவை சொல்லிவிட்டார். இந்த நாளை மனதில் வைத்துத்தான் நஞ்சுண்டன், கொச்சிக்காரர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து கொண்டு வந்திருந்த காரைத் தேடிப்பிடித்து வாங்கினார்.

சாதாரணக் கார் இல்லை அது. ஒவ்வொரு சக்கரத்திலும் காற்று எவ்வளவு இருக்கிறது என்று டிரைவருக்குச் சொல்லும். ரோட்டைப் பார்த்து அதன் ஷாக் அப்சார்பர் தானே இளகும், தானே இறுகும். குழியில் இறங்கினாலும் உள்ளே இருப்பவருக்குத் தெரியாது. தொண்ணூற்றொன்பதாம் வருஷத்தில் கோயமுத்தூரில் அப்படி இன்னொரு கார் இருந்ததா என்பது எனக்குத் தெரியாது. இருந்திருந்தால் நஞ்சுண்டன் விசாரித்து வைத்திருப்பார்.

அந்தக் காரில்தான் மூன்று நாளாக மஞ்சள் விளக்கு ஒன்று எரிகிறது. கார் கட்டை வண்டி மாதிரி குதிக்கிறது. மோகன்குமார் ஃபியூஸ் எல்லாம் மாற்றிப் பார்த்தான், சீட்டுக்கு அடியில் இருந்த கம்ப்யூட்டர் பெட்டியைக் கழற்றி மாட்டினான். விளக்கு அணையவில்லை. இன்று காலை நஞ்சுண்டனிடம் இன்னும் ஒரு நாள் அவகாசம் கேட்க ஆஸ்பத்திரிக்கே போயிருந்தான்.

இதற்கு நடுவே வெள்ளிக்கிழமை வேறு வருகிறது. அன்று பத்து மணிக்கு ரிஜிஸ்தர் ஆபீஸில் அண்ணனும் தம்பியும் பட்டறையை இரண்டாகப் பிரித்துக் கையெழுத்துப் போடுவதாக ஏற்பாடு. கேட்டது தம்பிதான். கம்ப்யூட்டர் வைத்த கார்கள் வர ஆரம்பித்துவிட்டன, அண்ணனோடு சேர்ந்திருந்தால் லாரிக்கு ஸ்பிரிங் பட்டை மாற்றியே காலம் போய்விடும் என்பது அவன் நினைப்பு. அண்ணன் அருள்குமார் சரி என்றோ முடியாது என்றோ சொல்லவில்லை. சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார், அவ்வளவுதான்.

லோகப்பிரியா உள்ளே போனாள். அருள்குமார் அந்தக் கோடியில் ஒரு வேனுக்கு அடியில் படுத்திருந்தார், கால் மட்டும் தெரிந்தது. நல்லவேளை என்று நினைத்தாள்.

ஏன் நல்லவேளை என்பதைச் சொல்லிவிட வேண்டும். அந்த வீட்டில் மச்சாண்டாரிடம், அதாவது புருஷனுடைய அண்ணனிடம், மருமகள் நேராகப் பேசுகிற வழக்கம் கிடையாது. கோபமில்லை, மரியாதை. அவர் கூடத்துக்கு வந்தால் இவள் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள். "அக்கா, மாமாவுக்கு ரசம் ஊத்தட்டுமானு கேளுங்க" என்று கனகத்திடம் சொல்வாள். இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்திருக்கும் மச்சாண்டார், "கனகம், போதும்னு அம்மணிகிட்டச் சொல்லு" என்பார். கனகம் அவருடைய மனைவி. ஆறு வருஷமாக அந்த வீட்டின் தந்தி ஆபீஸ் அவள்தான்.

காரின் கதவைத் திறந்து லோகப்பிரியா ஸ்டியரிங்குக்கு அடியில் குனிந்தாள். புத்தகத்தில் போட்டிருந்த படம் மாதிரியே, மூடி போட்ட சின்ன சாக்கெட் ஒன்று இருந்தது. குறிப்பிட்ட இரண்டு துளைகளை ஒரு கம்பியால் இணைத்தால், விளக்கு சிமிட்டிச் சிமிட்டிக் கோளாறின் எண்ணைச் சொல்லுமாம். கம்பிக்கு எங்கே போவது? சேலையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி நிமிர்த்திச் செருகினாள். சாவியைத் திருப்பினாள்.

மஞ்சள் விளக்கு மூன்று தடவை சிமிட்டியது. நின்றது. பிறகு நான்கு தடவை. வெளிச்சத்தில் சரியாகத் தெரியவில்லை என்று உள்ளங்கையைக் குவித்து மறைத்துக்கொண்டு மறுபடி எண்ணினாள். மூன்று, நான்கு. இன்னும் இரண்டு தடவை எண்ணியும் அதே.

முப்பத்து நாலு என்றால் என்ன என்று பக்கத்தைப் புரட்டினாள். இடது பின்சக்கரம், தகவல் வரவில்லை. அதன் கீழேயே சின்ன எழுத்தில் இன்னொரு வரி இருந்தது. ஒரு சக்கரத்தின் காற்று தெரியாதபோது, பாதுகாப்புக்காகக் கார் நான்கு ஷாக் அப்சார்பரையும் இறுக்கியே வைத்திருக்கும்.

அப்படியென்றால் ஷாக் அப்சார்பர் கெடவில்லை, கம்ப்யூட்டரும் கெடவில்லை. கார் பயந்துபோயிருக்கிறது, அவ்வளவுதான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. பம்ப் கம்பெனியை விட்டு வந்த பிறகு இப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை.

எழுந்துபோய் அந்தச் சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்தாள். மற்ற மூன்று சக்கரத்திலும் காற்றடிக்கும் மூக்கு வெள்ளியாக மின்னியது, அடியில் ஒரு நட்டு. இதில் மட்டும் கறுப்பு ரப்பர் மூக்கு. டியூபுக்கு இருக்கும் மூக்கு. டியூபே தேவையில்லாத டயருக்குள் யாரோ டியூபைப் போட்டிருக்கிறார்கள். மோகன்குமார் கண்ணில் இது எப்படிப் படாமல் போயிற்று என்றால், மூன்று நாளும் அவன் கண் கம்ப்யூட்டரை விட்டுக் கீழே இறங்கவே இல்லை.

வீட்டுக்கு ஓடினாள். கனகம் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அன்னூர்க் கார் இதற்கு முன்னால் பட்டறைக்கு வந்ததா என்று லோகப்பிரியா கேட்டாள். வந்ததே, போன ஞாயிற்றுக்கிழமை டிரைவர் காளிச்சாமி பஞ்சர் என்று கொண்டு வந்தாரே, கடைகண்ணி அடைத்திருந்தது, உம்பட மச்சாண்டார்தான் பாவம் பார்த்துத் திறந்து டியூப் போட்டு அனுப்பினார் என்றாள் கனகம். சொல்லிக்கொண்டே வந்தவள் அரிவாள்மனையிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

உள்ளே போய்த் தையல் மெஷினின் டிராயரைத் திறந்து, கட்டைவிரல் அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்து வந்தாள். அதன் நுனியில் வெள்ளி மூக்கு.

"டயருக்குள்ள இருந்துச்சாம் கண்ணு. இது என்னன்னு அம்மணிகிட்டக் கேட்டுச் சொல்லுனு அன்னைக்கே எங்கிட்டக் குடுத்தாரு. கெடா வெட்டுக்குப் போற அவசரத்துல டிராயர்ல போட்டேன். மறந்தே போச்சு."

சக்கரத்தின் காற்றைக் காருக்குச் சொல்லும் சாமான் அதுதான் என்று லோகப்பிரியாவுக்குப் புரிந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை, அவள் அடுத்த அறையில்தான் துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஒரு குரல் கொடுத்திருந்தால் கேட்டிருக்கும்.

கனகம் அழ ஆரம்பித்தாள். "தெரிஞ்சா உன் ஊட்டுக்காரர் உங்க மச்சாண்டார வெச்சு வாங்கிப்போடுவாரு. வெள்ளிக்கிழமை பிரியறதாவது மூஞ்சி பார்த்துப் பிரியட்டும். சத்தமில்லாம மாட்டிப்போடு அம்மணி."

நியாயமாகத்தான் பட்டது. ஆனால் பெட்டியைச் சத்தமில்லாமல் மாட்ட முடியாதே. சக்கரத்தைக் கழற்ற வேண்டும், டயரைப் பிரிக்க வேண்டும், ஆணி குத்திய ஓட்டையை உள்பக்கமாக ஒட்ட வேண்டும். அதையெல்லாம் செய்யக்கூடிய கை பட்டறையில் ஒன்றுதான் இருக்கிறது. அது வேனுக்கு அடியில் படுத்திருக்கிறது.

வாங்க அக்கா, நீங்களே சொல்லுங்க என்று கூப்பிட்டாள். கனகம் வர மறுத்துவிட்டாள். தந்தி ஆபீஸ் அன்றைக்கு லீவு.

தனியாகத்தான் போனாள். வேனுக்குப் பக்கத்தில் நின்றாள். மாமனார் செத்த அன்றைக்குக்கூட அவரிடம் அவள் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை.

"மாமா" என்றாள்.

கால் அசையவில்லை. வேறு யாரையோ கூப்பிடுகிறாள் என்று நினைத்திருப்பார்.

"மாமா, உங்களைத்தானுங்க. அன்னூர்க் காருல பின்னாடி இடது சக்கரத்தக் கழட்டோணுங்க."

அருள்குமார் மெதுவாக வெளியே வந்தார். எழுந்து நின்று, கழுத்தில் கிடந்த துண்டால் கையைத் துடைத்தார். அவள் உள்ளங்கையில் இருந்த பெட்டியைப் பார்த்தார். பிறகு பழக்க தோஷம், கனகம் எங்காவது நிற்கிறாளா என்று வாசலைப் பார்த்தார். யாரும் இல்லை.

"அது அதுக்கு உண்டானதுதானா அம்மணி?"

"ஆமாங்க."

"கனகத்துகிட்டக் குடுத்தேன். நீ ஒண்ணும் சொல்லலைன்னதும், ஒண்ணுமில்லாத சாமானாக்கும்னு உட்டுப்போட்டேன்."

எங்கிட்ட வரவே இல்லீங்க என்று அவள் சொன்னாள். அவர் தலையை ஆட்டினார். பிறகு, தரையைப் பார்த்துக்கொண்டே மீதியையும் சொன்னார். விளக்கு எரிகிறது என்று கார் திரும்பி வந்த அன்றே அவருக்குச் சந்தேகம் தட்டியிருக்கிறது. சொல்லலாம் என்று பக்கத்தில் போயிருக்கிறார். அப்போது மோகன்குமார் நஞ்சுண்டனிடம், "எங்கண்ணனுக்கு இதெல்லாம் தெரியாதுங்க, லாரி பட்டை மாத்தச் சொன்னா மாத்துவாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தான். இவர் அப்படியே திரும்பி வந்துவிட்டார். அதற்குப் பிறகு வாய் வரவில்லை.

அவர் மேல் கோபம் வரும் என்று அவள் நினைத்திருந்தாள். வரவில்லை. புருஷன் மேல்தான் வந்தது.

"சத்தமில்லாம மாட்டிப்போடலாமா அம்மணி? அவன் வரதுக்குள்ள ஆயிரும்" என்று கேட்டார். குழந்தை கேட்பது மாதிரி இருந்தது.

லோகப்பிரியா பெட்டியை அவர் கையில் வைத்தாள். "அவரு கேட்டா எனக்குப் பொய் சொல்ல வராதுங்க. நானாப் போயும் சொல்ல மாட்டனுங்க. நீங்களே சொல்லிருங்க மாமா."

அவர் ஜாக்கியை எடுக்கப் போனார்.

அந்த மனிதர் டயர் பிரிப்பதை அன்றைக்குத்தான் அவள் பக்கத்தில் நின்று பார்த்தாள். இரண்டு கடப்பாரை லீவர், ஒரு மரச் சுத்தி. அலாய் வீலில் ஒரு கீறல் விழவில்லை. டியூபை உருவினார். டயரை உள்பக்கம் சொரசொரவென்று தேய்த்து ஒட்டுப் போட்டார். பெட்டியை எந்தப் பக்கம் திருப்பி வைக்க வேண்டும் என்று அவளைக் கேட்டார். படத்தைப் பார்த்து அவள் சொன்னாள். நட்டை இறுக்கி, காற்றடித்து, சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்கள். மூக்கின் அடியில் ஒரு சின்னக் குமிழி வந்தது.

காற்றை இறக்கி மறுபடி பிரித்தார். ரப்பர் வளையம் மடங்கியிருந்தது. நேராக்கி இறுக்கினார். குமிழி வரவில்லை. மணி ஒன்றே முக்கால்.

மோகன்குமார் வந்தபோது சக்கரத்தை மாட்டிக்கொண்டிருந்தார்கள். அவனுக்கு முகமே சரியில்லை. ஒரு நாள் அவகாசம் கிடையாது, கட்டில் காலியாக வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்களாம். ஆம்புலன்ஸ் வேனில் போனால் ஒவ்வொரு குழிக்கும் உயிர் போகும் என்று மாரியாத்தாள் பயந்து அழுதாராம். அதைச் சொல்லிக்கொண்டே வந்தவன், அண்ணனும் தன் மனைவியும் ஒரே சக்கரத்துக்கு இரண்டு பக்கம் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான்.

அருள்குமார் எழுந்தார். கடைசி நட்டை முடுக்கிவிட்டுத்தான் எழுந்தார்.

"மோகனு, போன ஞாயித்துக்கிழமை இதுக்கு டியூப் போட்டது நாந்தான். உள்ள இருந்த சாமானத்த எடுத்தவனும் நாந்தான். அது இல்லாமத்தான் வண்டி இந்தப் பாடு பட்டிருக்குது. அம்மணி கண்டுபிடிச்சுச்சு."

கனகத்தின் பேரை அவர் எடுக்கவே இல்லை. லோகப்பிரியா கவனித்தாள்.

மோகன்குமார் கத்துவான் என்று எதிர்பார்த்தாள். அவன் கத்தவில்லை. மூன்று நாளா, மூன்று நாளா என்று இரண்டு தடவை முணுமுணுத்தான். பிறகு சாவியை வாங்கிக்கொண்டு காரில் ஏறினான். கார் பட்டறையை விட்டு வெளியே போய், உக்கடம் குளத்தின் கரையைச் சுற்றிக்கொண்டு பத்து நிமிஷம் கழித்துத் திரும்பி வந்தது. விளக்கு அணைந்திருந்தது. வாசலில் இருந்த மேட்டில் ஏறும்போது கார் எண்ணெயில் வழுக்கியது மாதிரி ஏறியது. யாரும் கைதட்டவில்லை. பின்வாசல் கதவுக்குப் பின்னால் கனகம் மட்டும் மாரியம்மனைக் கும்பிட்டாள்.

நான்கு மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் நஞ்சுண்டன், அண்ணன் தம்பி இரண்டு பேரும் கூடவே வந்து வீடு சேர்த்தால்தான் எனக்கு நம்பிக்கை என்று சொல்லிவிட்டார். அவர் தன்னுடைய அம்பாசிடரில் பின்னால் வந்தார். மோகன்குமார் ஓட்டினான். அருள்குமார் முன்சீட்டில். பின்சீட்டில் மாரியாத்தாளைச் சாய்த்துப் படுக்க வைத்து, தலையைத் தன் மடியில் தாங்கிக்கொண்டு, மோகன்குமார் துணைக்குக் கூட்டி வந்திருந்த லோகப்பிரியா.

கணபதி தாண்டும்வரை மாரியாத்தாள் பல்லைக் கடித்துக்கொண்டு லோகப்பிரியாவின் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். வலி வரப்போகிறது, வரப்போகிறது என்ற பயம். சரவணம்பட்டிக்கு அந்தப் பக்கம் சத்தி ரோடு எந்த லட்சணத்தில் இருந்தது என்று அந்தக் காலத்தில் பஸ்ஸில் போனவர்களுக்குத் தெரியும். கார் அதில் இறங்கியது. ஏறியது. மறுபடி இறங்கியது. மடியில் இருந்த தலை அசையவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து மாரியாத்தாள் கண்ணைத் திறந்தார்.

"ஏங் கண்ணு, ரோட்டப் புதுசாப் போட்டுட்டாங்களா?"

லோகப்பிரியா அவர் நெற்றியைத் தடவினாள். ஆமாங்க, போட்டுட்டாங்க என்று சொன்னாள். மாரியாத்தாளின் பிடி தளர்ந்தது. கோவில்பாளையம் வருவதற்குள் நிம்மதியாகத் தூங்கிவிட்டார்.

ரோட்டைப் பற்றிய அந்தக் கேள்வி மோகன்குமாரை ஏதோ செய்திருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை வேண்டாம், இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்று அண்ணனிடம் மெல்லிய குரலில் சொன்னான்.

"வேண்டாம் மோகனு. வெள்ளிக்கிழமையே முடிச்சுருவோம்" என்றார் அருள்குமார். கோபமே இல்லாமல் சொன்னார். "தப்புப் பண்ணுனது நான். அது வேற. மூணு நாள்ல ஒருக்கா, அண்ணா நீ ஏதாச்சும் தொட்டயானு எங்கிட்டக் கேட்டிருந்தா அப்பவே சொல்லிருப்பேன். கேக்கோணும்னே உனக்குத் தோணல. எங்கண்ணனுக்கு இதெல்லாம் தெரியாதுனு மில்லுக்காரர்கிட்ட நீ சொன்னதும் எங்காதுல விழுந்துச்சு. அப்புறம் ஒரே பட்டறையில எதுக்கு?"

பிரிய வேண்டும் என்று ஆறு மாதமாக ஒற்றைக்காலில் நின்றவன் மோகன்குமார்தான். கேட்டது கையில் வந்தபோது அவனுக்கு அழுகை வந்தது. கண்ணாடி வழியாகப் பின்சீட்டில் மனைவியைத் தேடினான்.

"பிரியா, அண்ணன்கிட்ட நீ சொல்லேன். நான் அந்த அர்த்தத்துல சொல்லலைன்னு."

லோகப்பிரியா மடியில் தூங்குகிறவரை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள், ஆனால் முன்சீட்டில் இரண்டு பேருக்கும் நன்றாகக் கேட்டது.

"பக்கத்துலதானுங்க உக்காந்திருக்காங்க. நீங்களே சொல்லுங்க."

அருள்குமார் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். மோகன்குமார் தொண்டையைச் செருமிக்கொண்டான். அன்னூருக்கு இன்னும் எட்டுக் கிலோமீட்டர் இருந்தது.